கொழுப்பு வேண்டும், எண்ணெய்க்கு அளவு வேண்டும்

பால், தயிர், நெய், முட்டை என விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் சேர்க்காத வீகன் உணவுக்கு மாறும் வீட்டில் முதலில் காலியாவது நெய் பாட்டில். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நெய் போனதோடு நில்லாமல் எண்ணெயும் போக வேண்டும், கடுகு தாளிக்கக்கூட ஒரு சொட்டு ஆகாது என்கிறார்கள் ஒரு சாரார். செடியிலிருந்து வந்தது எதுவும் கெடுதல் செய்யாது, மரச்செக்கில் ஆட்டியது என்றால் தாராளமாக ஊற்றலாம் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரு தரப்பினரும் கொழுப்பையும் எண்ணெயையும் ஒன்றாகவே எண்ணிப் பேசுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகிவிடும். வீகன் உணவில் கொழுப்பு கட்டாயம் இருக்க வேண்டிய சத்து. எண்ணெய் சமையலுக்கு உதவும் ஒரு வசதி. சத்தை நிலக்கடலை, எள், தேங்காய், ஆளி விதை என முழுப் பொருளிலிருந்து முதலில் பெற்றுக்கொண்டு, மீதமுள்ள இடத்துக்குள் எண்ணெயை அளந்து ஊற்றுவதே உடலுக்கு நல்லது. இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டும் வழியும் இதுதான்.

உடலுக்குக் கொழுப்பு எதற்கு?

கொழுப்பு வெறும் எரிபொருள், மாவுச்சத்திலிருந்தே உடல் அதைத் தயாரித்துக்கொள்ளும் என்பதே 1920-கள் வரை பரவலாக இருந்த கருத்து. 1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பை முற்றிலும் நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின்கள் உட்பட மற்றதெல்லாம் இருந்தும் எலிகளின் வளர்ச்சி நின்றது. தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணாகி அழுகியது. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைச் சிறிதளவு சேர்த்ததும் அவை தேறின. உடலால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத, உணவு வழியாகவே வந்தாக வேண்டிய கொழுப்பு அமிலங்கள் உண்டு என்பது அப்போதுதான் தெரியவந்தது. இன்று அப்படி இரண்டை அறிவோம். ஒன்று ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலெயிக் அமிலம். மற்றது ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம்.

மனிதர்களுக்கும் இது பொருந்துமா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. வில்லியம் பிரவுன் என்ற ஆய்வாளர் ஆறு மாதம் ஏறத்தாழக் கொழுப்பே இல்லாத உணவை உண்டு பார்த்தார். 1938-ல் வெளியான அந்த ஆய்வில் அவருக்கு எந்தக் குறைபாடும் தென்படவில்லை. வளர்ந்த மனிதரின் உடலில் கொழுப்பு அமிலங்கள் சேமிப்பில் இருக்கும், ஆறு மாதத்தில் அது தீர்ந்துவிடாது. சேமிப்பு குறைந்தவர்களிடம் நிலைமை வேறு. 1982-ல் ரால்ஃப் ஹோல்மன் குழுவினர் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். குண்டடி பட்டுக் குடலின் பெரும்பகுதியை இழந்த அவளுக்கு இரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஊட்டம் ஏறியது. அந்தத் திரவத்தில் இருந்தது குசும்பா எண்ணெய். லினோலெயிக் அமிலம் அதில் ஏராளம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலமோ இல்லை என்றே சொல்லலாம். ஐந்து மாதத்தில் அவளுக்குக் கைகால் மரத்தது, நடை தளர்ந்தது, பார்வை மங்கியது. இரண்டு அமிலங்களும் உள்ள சோயா எண்ணெய்த் திரவத்துக்கு மாற்றியதும் அந்தத் தொல்லைகள் நீங்கின. கொழுப்பு எவ்வளவு சேர்கிறது என்பதோடு எந்த வகை சேர்கிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று தேவையில்லை.

குறைபாடு வராமல் தடுக்க மட்டும் என்றால் தேவை மிகச் சிறிது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழுவின் கணக்குப்படி, மொத்த ஆற்றலில் 2.5 சதவீதம் லினோலெயிக் அமிலமும் 0.5 சதவீதம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் கிடைத்தால் போதும். நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இரண்டும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டாது. ஆனால் அதே குழு மொத்தக் கொழுப்புக்கும் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஆற்றலில் குறைந்தது 15 சதவீதம், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் 20 சதவீதம். மேல்வரம்பாக 30 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் மறுபடி உறுதி செய்தது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஆக, 2000 கலோரி உணவில் 33 கிராமுக்குக் குறையாமலும் 67 கிராமுக்கு மேல் போகாமலும் கொழுப்பு இருக்க வேண்டும். இந்தப் பரப்புக்குள் எங்கே நிற்பது, அந்தக் கொழுப்பை எதிலிருந்து எடுப்பது என்பவைதான் நாம் தீர்மானிக்க வேண்டியவை.

விதையா, எண்ணெயா?

விதையிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்தால் கிடைப்பது எண்ணெய். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் நிலக்கடலைப் பருப்பை ஆட்ட வேண்டும். நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதமும், கூடவே நார்ச்சத்தும் மக்னீசியமும் உண்டு. தோல் நீக்காத எள்ளில் கால்சியம் நிறைய இருக்கிறது. செக்கில் ஆட்டியதும் இவையெல்லாம் புண்ணாக்கில் தங்கிவிடுகின்றன. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, கொழுப்பு மட்டும் நமக்கு வருகிறது. பாலையும் தயிரையும் விட்டுவிட்ட ஒருவருக்கு இது சிறிய இழப்பு அல்ல. அவற்றிலிருந்து வந்துகொண்டிருந்த புரதத்தையும் கால்சியத்தையும் வேறு எங்கிருந்தாவது அவர் ஈடுகட்டியாக வேண்டும். மரச்செக்கு எண்ணெயில் வாசமும் வைட்டமின் ஈ போன்ற சில நுண்சத்துகளும் கூடுதலாகத் தங்குவது உண்மை. ஆனாலும் கிராமுக்கு 9 கலோரி என்ற கணக்கு செக்கு எண்ணெய்க்கும் மாறாது, புண்ணாக்கோடு போன புரதமும் திரும்பி வராது.

முழு விதையின் கொழுப்பை உடல் கையாளும் விதமும் வேறு. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-ல் பாதாம் பருப்பின் ஆற்றலை, தின்றவர்களின் கழிவையும் சேர்த்து ஆராய்ந்து அளந்தார்கள். பொட்டலத்தில் அச்சிடும் கணக்குப்படி 28 கிராம் பாதாம் சுமார் 170 கலோரி தர வேண்டும். உடலுக்குக் கிடைத்ததோ 129 கலோரிதான். மெல்லும்போது உடையாமல் தப்பும் செல்களுக்குள் கொழுப்பு சிக்கிக்கொள்கிறது, ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. எண்ணெயில் அந்தச் செல் சுவர் கிடையாது. ஊற்றியது முழுவதும் உள்ளே போகும். கொட்டைகளைத் தின்றதும் வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. குழம்பில் கூடுதலாக விட்ட மூன்று கரண்டி எண்ணெயை வயிறு கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

எண்ணெய் இல்லாவிட்டால் கீரையின் சத்து உடலில் சேராதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கீரையிலுள்ள, பீட்டா கரோட்டின் போன்று வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஒரு ஆய்வில், கொழுப்பே இல்லாத சாஸ் ஊற்றிய காய்கறி சாலட்டைத் தின்றவர்களின் இரத்தத்தில் கரோட்டினாய்டு ஏறவே இல்லை எனலாம். ஆனால் அதற்கு எண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. 2005-ல் வெளியான ஒஹையோ ஆய்வு ஒன்றில் சாலட்டோடு அவகாடோ பழத்தைச் சேர்த்தபோது பீட்டா கரோட்டின் உட்கவர்தல் 15 மடங்கு உயர்ந்தது. பழத்துக்குப் பதில் அதன் எண்ணெயைச் சேர்த்தபோதும் பெரிய வேறுபாடு இல்லை. தேவைப்படும் கொழுப்பும் அதிகமில்லை. பிலிப்பைன்ஸ் பள்ளிக் குழந்தைகளிடம் 2007-ல் நடந்த ஆய்வில், வேளைக்கு 2.4 கிராம் கொழுப்பே வைட்டமின் ஏ சேமிப்பைக் கூட்டப் போதுமானதாக இருந்தது. பத்து கிராம் கொடுத்தும் கூடுதல் பயன் தெரியவில்லை. முருங்கைக்கீரைப் பொரியலில் தூவும் ஒரு பிடி தேங்காய்த் துருவலோ வறுத்துப் பொடித்த கடலையோ அந்த வேலையைச் செய்துவிடும்.

எண்ணெயே வேண்டாமா?

சொட்டு எண்ணெயும் ஆகாது என்பவர்கள் வெறுங்கையோடு வாதிடுவதில்லை. டீன் ஆர்னிஷ் 1990-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அவர்களுடைய முதல் சான்று. ஆற்றலில் 10 சதவீதம் மட்டுமே கொழுப்புள்ள சைவ உணவைப் பின்பற்றிய இதய நோயாளிகளுக்கு ஓராண்டில் இரத்தக்குழாய் அடைப்பு சற்றே குறைந்தது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு அது கூடியது. கிளீவ்லாந்து கிளினிக்கின் கால்டுவெல் எசல்ஸ்டின் எண்ணெயையும் கொட்டைகளையும் அறவே விலக்கச் சொன்னவர். அவரது ஆலோசனையைப் பெற்ற 198 நோயாளிகளில் அதைக் கடைப்பிடித்த 177 பேருக்கு மறுபடி இதயப் பாதிப்பு வந்தது மிக அரிது என்று 2014-ல் அவர் பதிவு செய்தார். இந்தப் பணிகளை மதிக்கத்தான் வேண்டும். தீவிர இதய நோய் உள்ள ஒருவர் மருத்துவர் கண்காணிப்பில் இந்த வழியில் போவதைத் தடுக்கவும் காரணமில்லை.

ஆனால் இவற்றிலிருந்து எண்ணெய் எல்லோருக்கும் நஞ்சு என்ற முடிவுக்கு வர முடியாது. ஆர்னிஷ் திட்டத்தில் புகை நிறுத்தம், உடற்பயிற்சி, தியானம், குழு ஆதரவு எல்லாம் சேர்ந்தே இருந்தன. பலன் எதனால் எவ்வளவு வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எசல்ஸ்டின் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கக் குலுக்கல் முறையில் பிரித்த குழு கிடையாது. கொழுப்பை மட்டும் குறைத்துப் பார்த்த மிகப் பெரிய சோதனை அமெரிக்கப் பெண்களிடம் நடந்தது. ஏறத்தாழ 49,000 பேர் பங்கேற்று எட்டாண்டு நீடித்த அதன் முடிவு 2006-ல் வெளிவந்தது. மொத்தக் கொழுப்பைக் குறைத்துக்கொண்ட பிரிவில் மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. அவர்கள் வீகன் உணவு உண்டவர்கள் அல்லர், இலக்கு வைத்த அளவுக்குக் கொழுப்பைக் குறைக்கவும் அவர்களால் முடியவில்லை. இருந்தாலும் கொழுப்பைக் குறைப்பதே தனி மருந்து ஆகிவிடாது என்பதை அந்தச் சோதனை காட்டியது.

நம் கேள்விக்கு மிக நெருங்கி வரும் சோதனை 2024-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் வெளியானது. இதய நோய் அபாயம் உள்ள 40 பேர் முழுத் தாவர வீகன் உணவை இரண்டு விதமாக, நான்கு நான்கு வாரம் உண்டார்கள். ஒன்றில் நாளுக்கு நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், மற்றதில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இரண்டு உணவுமே முன்பிருந்ததைவிடக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் அளவைக் குறைத்தன. எண்ணெய் குறைந்த உணவில் இறக்கம் சற்றுக் கூடுதல். எண்ணெய் குறைவாக உண்டபின் கூட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு இறங்குவது தடைப்பட்டது. காய்கறியும் பருப்பும் முழுத்தானியமும் நிறைந்த தட்டு முதல் நன்மையைச் செய்கிறது, அதற்குமேல் எண்ணெயை அடக்கி வைப்பது இன்னும் கொஞ்சம் உதவுகிறது என்றே இதைப் படிக்க முடியும்.

தாராள எண்ணெய்க்காரர்கள் காட்டும் சான்று ஸ்பெயினின் ப்ரெடிமெட் ஆய்வு. ஏறத்தாழ 7,400 பேர் பங்கேற்ற இந்த ஆய்வு 2013-ல் வெளியாகி, சில இடங்களில் குழு பிரித்ததில் நேர்ந்த பிழைகளுக்காகத் திரும்பப் பெறப்பட்டு, 2018-ல் திருத்தத்தோடு மீண்டும் வெளிவந்தது. அடிப்படை முடிவு மாறவில்லை. மத்தியதரைக்கடல் உணவோடு நல்ல ஆலிவ் எண்ணெயை நிறையச் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. எண்ணெய்ப் பிரிவை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆய்வின் இன்னொரு பிரிவினருக்கு எண்ணெய்க்குப் பதில் தினமும் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கொடுத்தார்கள், அவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன். கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் சைவ உணவை நாடும் அட்வென்டிஸ்ட் கிறித்தவர்களிடம் 1992-ல் வெளியான ஆய்விலும், வாரம் நான்கு முறைக்கு மேல் கொட்டைகள் தின்றவர்களுக்கு, எப்போதாவது தின்றவர்களைவிட இதய நோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. நல்ல கொழுப்பு நன்மை செய்கிறது, அதை முழு வடிவிலேயே பெறலாம் என்பதை இந்த ஆய்வுகள் ஒருசேரச் சொல்கின்றன.

எந்த எண்ணெய்?

வீகன் உணவுக்கு மாறுகிறவர், எல்டிஎல் அளவை உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறார், ஏனென்றால் நெய்யும் வெண்ணெயும் பாலாடையும் போய்விட்டன. அந்த ஆதாயம் திரும்பக் கைவிட்டுப் போகும் வழிகள் இரண்டு, தேங்காய் எண்ணெயும் பாமாயிலும். பாமாயிலில் பாதியளவும், தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு. மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இது அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 2000 கலோரியில் அது 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயே அந்த 22 கிராமை நிரப்பிவிடும். பதினாறு சோதனைகளைத் தொகுத்து 2020-ல் சர்குலேஷன் இதழில் வெளியான ஆய்வு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல் அளவை டெசிலிட்டருக்குச் சராசரியாகப் பத்து மில்லிகிராம் உயர்த்துகிறது என்று கண்டது.

நம் முன்னோர் தேங்காய் உண்டு நன்றாகத்தானே இருந்தார்கள் என்ற மறுப்பு உடனே எழும். பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவு மக்களைப் பற்றிய ஆய்வு இதற்குச் சான்றாக வரும். கிழங்கு, பழம், மீன், தேங்காய் என்று வாழ்ந்த அவர்களிடம் இதய நோயும் பக்கவாதமும் அநேகமாக இல்லை என்று 1990-களில் ஸ்டாஃபன் லிண்டபர்க் எழுதினார். உண்மைதான். ஆனால் அவர்கள் தேங்காயைக் காயாகத் தின்றவர்கள், நாளெல்லாம் உழைத்தவர்கள், மொத்தக் கொழுப்பு அவர்கள் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறவர், பாயசத்துக்கும் குருமாவுக்கும் கெட்டித் தேங்காய்ப்பால், பொரிக்கத் தேங்காய் எண்ணெய் என்று போனால் அந்தத் தீவு அவருக்குச் சாட்சி சொல்லாது. துவையலுக்கும் பொரியலுக்கும் தேங்காய், தாளிக்க நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் என்ற நம் பழைய ஏற்பாடே சரியானது.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிகுதி, ஒமேகா-3 இல்லாத குறை. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒமேகா-3 மிகக் குறைவு. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஹெச்ஏ என்ற கொழுப்பு அமிலத்தை மீன் உண்பவர்கள் நேரடியாகப் பெறுகிறார்கள். வீகன்கள் அதை ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்திலிருந்து தங்கள் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மிகச் சிறு பகுதிதான் அப்படி மாறுகிறது. இரண்டு வகை அமிலங்களும் ஒரே நொதிகளுக்குப் போட்டியிடுவதால், ஒமேகா-6 பெருகும்போது அதுவும் குறைகிறது. எண்ணெயை மட்டும் நம்பும் வீகனுக்குக் கொழுப்பு மிகுந்தும் ஒமேகா-3 பற்றாக்குறை வருவது இப்படித்தான். ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியில் ஒன்றரை கிராமுக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் உண்டு. ஒரு நாளைத் தேவைக்கு அது போதும். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும் என்பதால் பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நுண்பாசியிலிருந்து எடுக்கும் டிஹெச்ஏ மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

தட்டில் எவ்வளவு?

இனிக் கணக்குப் போடலாம். ஒரு நாள் உண்ணும் சோறு, பருப்பு, காய், கீரையிலேயே கண்ணுக்குத் தெரியாமல் 10 கிராம் கொழுப்பு இருக்கும். ஒரு பிடி நிலக்கடலை, அதாவது 30 கிராமில், 14 கிராம். 25 கிராம் தேங்காய்த் துருவலில் 8 கிராம். ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 5 கிராம், ஆளி விதைப் பொடியில் 3 கிராம். மொத்தம் 40 கிராம், 2000 கலோரியில் 18 சதவீதம். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றாமலே பெரியவர்களுக்கான கீழ்வரம்பைத் தாண்டிவிட்டோம். இதற்குமேல் மூன்று, நான்கு தேக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால் 54 முதல் 58 கிராம், அதாவது 25 சதவீதத்தை ஒட்டி வரும். சராசரி மனிதருக்கு வீகன் உணவில் உரிய அளவாக இதையே சொல்வேன். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி எண்ணெய்க்கு 27 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி, ஒதுக்குகிறது. தேங்காயும் எள்ளும் தினமும் சேரும் தட்டில் அதைவிடக் குறைப்பதற்கு இடம் இருக்கிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால் ஒருவருக்கு மாதம் 600 மில்லிக்குள், நால்வர் குடும்பத்துக்கு இரண்டேகால் லிட்டர் அளவில்.

இந்த அளவு எல்லோருக்கும் ஒன்றாகாது. தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உணவிலும் 35 சதவீதத்தை ஒட்டிக் கொழுப்பு வேண்டும். சின்ன வயிற்றில் நிறையச் சோறு இடம் பெறாது. ஆகவே வீகன் குடும்பம் குழந்தையின் பருப்புச் சாதத்தில் எண்ணெயைக் குறைக்கவே கூடாது. வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்களுக்கும், பசி குறைந்து மெலியும் முதியவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேவைப்படும். கொட்டைகள் வசதியுள்ளவர்களுக்குத்தானே என்றும் கேட்பார்கள். பாதாமும் வால்நட்டும் வாங்கச் சொன்னால் அந்தக் கேள்வி சரி. நிலக்கடலையும் எள்ளும் நம் மண்ணில் விளைபவை. எண்ணெய்க்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை அவற்றுக்குத் திருப்பினாலே போதும். ரேஷன் கடையில் பாமாயில் கொடுக்க முடிகிற அரசுக்கு, உள்ளூர் நிலக்கடலையையும் அங்கே கொடுப்பது பற்றி யோசிக்க எல்லாக் காரணமும் இருக்கிறது.

வீகன் என்ற பெயரே உடல்நலத்துக்குக் காப்பு என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. உளுந்து வடையும் முறுக்கும் அப்பளமும் சிப்ஸும் வீகன்தான். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடையின் பஜ்ஜியும் வீகன்தான். விலங்குகள் மேல் கொண்ட கருணையால் இந்த உணவுக்கு வருகிறவர்கள் தங்கள் உடலையும் அதே அக்கறையோடு நடத்த வேண்டும். அதற்குப் பெரிய விரதம் எதுவும் வேண்டாம். எண்ணெய் பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை விட்டுத் தேக்கரண்டியால் அளப்பது, பொரிப்பதைப் பண்டிகை நாளுக்கு ஒதுக்குவது, தினமும் ஒரு பிடி கடலையும் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியும் தவறாமல் சேர்ப்பது என்ற மூன்று பழக்கங்கள் போதும். கொழுப்பைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், எண்ணெயை அள்ளி ஊற்றவும் வேண்டாம்.